இருபத்தைந்து எம்பிக்குள் எங்கள் லயம்

பின்கதவு ஒரு நாள் சாத்த மாட்டேன் என்றது. மழையில் பலகை ஊறிவிட்டது என்றாள் அம்மா. ஊறிய கதவு எப்படித் தட்டும் என்று எனக்குத் தெரியும். வருடா வருடம் தட்டுகிற கதவுதான். அது கீழே, வாசற்படியில் தட்டும். இந்த முறை மேலே, நிலையின் வலது மூலையில் தட்டியது. கதவில் கோளாறில்லை, நிலைதான் சாய்ந்திருந்தது.

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் லயத்தில், தேயிலைத் தோட்டத்துப் பன்னிரண்டு வீட்டு வரிசையில், நான் எதைச் சொன்னாலும் அந்த ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அரநாயக்கப் பக்கம் மலை சரிந்து வீடுகளை மூடியது எங்களுக்கு இரண்டு மலை தள்ளித்தான். அதற்குப் பிறகு மழைச்சத்தம் எனக்கு வெறும் மழைச்சத்தமாகக் கேட்டதே இல்லை. தகரத்தில் நாலு சொட்டு விழுந்ததும் மற்றவர்கள் போர்வையை இழுத்துக்கொள்வார்கள். நான் மகளின் செருப்பு எங்கே கிடக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்வேன்.

கதவு தட்டிய மூன்றாம் நாள் அடுப்படித் தரையில் ஒரு கீறலைப் பார்த்தேன். முன் காம்பராவுக்கு சிமெந்து போட்டிருக்கிறோம். அடுப்படி இன்னும் மண் தரைதான். அம்மா அதை வெள்ளிக்கு வெள்ளி சாணம் போட்டு மெழுகுவாள். கீறல் பின்கதவில் தொடங்கி, அடுப்பைத் தாண்டி, நானும் மகளும் படுக்கிற காம்பராவின் சுவருக்கு அடியில் போய் மறைந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மகளின் தலையணை இருந்தது. அவளுக்கு ஆறு வயது. அவளுடைய அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறார், மாதத்துக்கு ஒரு தடவை வருவார்.

முதலில் அந்தக் கீறலில் நகம் மட்டும்தான் நுழைந்தது. ஒரு வாரம் விடாமல் பெய்தது. சுண்டுவிரல் நுழைந்தது. நாங்கள் தண்ணீர் பிடிக்கிற பீலியில் கலங்கி வந்தது. லயத்துக்கு மேலே தேயிலைக்குள் மழைத்தண்ணீர் ஓடுகிற கான் ஓரிடத்தில் தாழ்ந்து உட்கார்ந்திருந்தது. பெண்கள் கொழுந்தெடுக்கப் போகும்போது அந்த இடத்தைத் தாண்டித்தான் போனார்கள். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசினால் வந்துவிடும் என்று நினைத்தார்களோ என்னவோ. எனக்கோ பேசாமல் இருந்தால்தான் வரும் என்று தோன்றியது.

லயத்துத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். சங்கத்து வேலையெல்லாம் பார்க்கிற மனிதர், கொஞ்சம் வாய் பெரியது, ஆனால் காரியத்தை விட மாட்டார். வந்து பார்த்தார். குனிந்து தன் விரலையும் விட்டுப் பார்த்தார். அவர் முகம் மாறியது. என்னைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லிச் சிரிப்பார் என்ற நம்பிக்கையில்தான் கூப்பிட்டிருந்தேன்.

தோட்டத்து ஆபீசுக்கு இரண்டு பேரும் போனோம். பள்ளிக்கூடத்து மண்டபத்தைத் திறந்து பன்னிரண்டு குடும்பங்களை அங்கே வைக்க வேண்டும் என்றால், மண்சரிவு பார்க்கிற அலுவலகத்திலிருந்து கடிதம் வேண்டும் என்றார்கள். போன வருடம் கடிதம் இல்லாமல் நாங்களாகவே கோயிலுக்குப் போய் இரண்டு நாள் கிடந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. திரும்பி வந்தபோது இரண்டு வீட்டில் பானை சட்டி களவு போயிருந்தது. தோட்டத்தின் அடுத்த டிவிசனில் ஒரு மாதம் எங்களைச் சொல்லிச் சிரித்தார்கள். அதனால் இந்த முறை ஒருவரும் தானாக நகர மாட்டார்கள். கடிதம் வர வேண்டும்.

மாவட்ட அலுவலகத்து நம்பருக்கு நான்தான் பேசினேன். சிங்களம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு; கொழுந்தெடுக்கப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவில் ஆயா வேலை கிடைத்ததற்கே அதுவும் ஒரு காரணம். பேசிய அதிகாரி மரியாதையாகவே பேசினார். நங்கி, நங்கி என்று தங்கச்சி முறை வைத்துத்தான் கூப்பிட்டார். மாவட்டம் முழுக்க இதே கதை, பாதி ரோட்டில் மண் விழுந்து கிடக்கிறது, எந்த இடம் அவசரம் என்று பார்த்துத்தான் ஆள் அனுப்ப முடியும், ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்கள் என்றார். உங்கள் ஃபோனுக்கே அனுப்பிவிடவா என்று கேட்டேன். வேண்டாம், அலுவலகத்து ஈமெயிலுக்கு அனுப்புங்கள், அப்போதுதான் ஃபைலில் சேரும், ஃபைலில் சேர்ந்தால்தான் கடிதம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ எடுத்தோம். நான் என் அடுப்படியை மட்டும் எடுத்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். தலைவர் விடவில்லை.

"மனு எழுதுனா எல்லாரும் கையெழுத்து வைக்கிறோம்ல தங்கச்சி? இதுவும் மனுதான். பன்னெண்டு வீடும் இருக்கணும். ஒரு வீடு விடுபட்டுச்சுன்னு வைங்க, நாளைக்கு லெட்டர் வர்றப்ப அந்த வீட்டுக்காரங்க லிஸ்ட்ல இல்லம்பாங்க."

இதற்கு நான் என்ன சொல்ல முடியும்? குடியுரிமை லிஸ்டில் பெயர் விடுபட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். சரி என்று ஃபோனைத் தூக்கிக்கொண்டு லயத்துக் கோடியிலிருந்து நடந்தேன். ஒவ்வொரு குடும்பமும் அவரவர் வாசல் திண்ணையில், இஸ்தோப்பில், வரிசையாக நின்றது. முதல் வீட்டு மாமா தன் பெயர், அடையாள அட்டை எண், எத்தனை வருடம் இந்தத் தோட்டத்தில் உழைத்தார் என்பதையெல்லாம் சொன்னார். அவரைப் பார்த்து மற்றவர்களும் அப்படியே சொன்னார்கள். மூன்றாம் வீட்டு அக்கா புதுச் சேலை கட்டி, தலைக்குப் பூ வைத்து, கல்யாண வீடியோவுக்கு நிற்பது மாதிரி நின்று, கக்கூசுக்குக் கதவில்லை என்பதைச் சொன்னாள். கக்கூசுக்கும் மலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டேன்.

எங்கள் வீட்டுக்கு வந்தபோது ஏழாம் நிமிடம். அம்மா உள்ளே விடாமல் வாசலில் மறித்தாள்.

"கொஞ்சம் பொறு புள்ள. பெருக்கிட்டு வர்றேன். ஆளுக பாக்குற வீடு."

பெருக்கி முடிக்கும்வரை ஃபோன் ஓடிக்கொண்டே இருந்தது. அப்புறம் அடுப்படிக்குள் போய்க் கீறலைக் காட்டினேன். உள்ளே இருட்டு, வெளியே மூட்டம். இருபது செக்கண்டு காட்டியிருப்பேன். மிச்ச மூன்று வீட்டுக்காரர்கள் வெளியே நின்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். எல்லாம் முடிந்து பட்டனை அழுத்தியபோது பதினொரு நிமிடம் ஆகியிருந்தது.

எங்கள் பக்கத்தில் கோயில் வளைவில் மட்டும்தான் சிக்னல் ஒழுங்காக இருக்கும். திங்கட்கிழமை வேலை விட்டதும் அங்கே போய்க் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வீடியோ ஒன்று தசம் நாலு ஜிபி இருந்தது. ஈமெயில் இருபத்தைந்து எம்பிக்கு மேல் எடுக்காது என்று எனக்கு அன்றுவரை தெரியாது. இணைத்ததும் அது தானாக வேறெங்கோ ஏறும் என்றது, லிங்காகப் போகும் என்றது. சரி எப்படியோ போகட்டும் என்று விட்டேன். இருட்டும்வரை நின்றும் முடியவில்லை. அடுத்த நாளும் போய் நின்று ஒருவழியாக ஏற்றினேன். போய்விட்டது என்று வந்து தலைவரிடம் சொன்னேன். லயமே கொஞ்சம் மூச்சுவிட்டது. அம்மா அன்று மீன் வாங்கிக் குழம்பு வைத்தாள்.

புதன்கிழமை அதிகாரி கூப்பிட்டார். லிங்கைத் திறந்தால் அனுமதி கேட்கிறதாம். அனுமதி கேட்டு எனக்கு ஈமெயில் வந்து இரண்டாம் பக்கத்தில் கிடந்தது. நான் பார்க்கவே இல்லை. அலுவலகத்து கம்பியூட்டரில் இந்த லிங்க் எல்லாம் சரிவராது, வீடியோவையே சின்னதாக்கி இணைத்து அனுப்புங்கள், அதற்கு ஃபோனிலேயே வழி இருக்கிறது என்று பொறுமையாகச் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. மூன்று நாள் மழை வீணாகப் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். அந்த மூன்று நாளும் தண்ணீர் மலைக்குள்தான் இறங்கிக்கொண்டிருந்தது.

அன்று சாயந்தரம் கீறலில் நடுவிரல் நுழைந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் பிள்ளைக் காம்பராவில் பிள்ளைகளைத் தூங்கப் போட்டுவிட்டு, தொட்டில் கயிற்றைக் காலில் மாட்டிக்கொண்டு ஃபோனை எடுத்தேன். வீடியோவைச் சின்னதாக்க இரண்டு வழி இருந்தது. ஒன்று வெட்டுவது. மற்றது சுருக்குவது. வெட்டினால் ஆளை வெட்ட வேண்டும். யாரை வெட்டுவது? முதல் வீட்டு மாமாவையா, பூ வைத்துக்கொண்டு நின்ற அக்காவையா? வெட்டினேன் என்று தெரிந்தால் பீலியடியில் என் பெயர் நாறிவிடும். சுருக்கினால் எல்லோரும் இருப்பார்கள், கொஞ்சம் சின்னதாக இருப்பார்கள். அப்படித்தான் நினைத்தேன்.

இலவசமாகக் கிடைத்த ஒரு செயலியை இறக்கினேன். நாலு விளம்பரத்தைப் பார்க்க வைத்துவிட்டு, பெரிது, நடுத்தரம், சிறிது என்று மூன்று கேட்டது. பெரிதில் போட்டால் முந்நூறு எம்பி வரும் என்றது. நடுத்தரத்தில் தொண்ணூறு. சிறிதில் இருபத்துநாலு. இருபத்துநாலு என்று பார்த்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருந்தது. அழுத்தினேன். ஃபோனில் இடமில்லை என்றது. என் ஃபோனில் எப்போதும் இடமிருக்காது. கீழே ஒரு சின்னக் கட்டம் இருந்தது. முடிந்ததும் ஒரிஜினலை அழித்துவிடு என்று இங்கிலீசில் எழுதியிருந்தது. இடம் கிடைக்குமே என்று அதிலும் ஒரு டிக் போட்டேன். பழைய படங்களில் பாதியையும், லிங்காக ஏற்றியிருந்ததை இனி எதற்கு என்று அதையும் அழித்து, தொட்டியையும் காலி பண்ணி இடம் கொடுத்தேன். ஒரு பிள்ளை எழுந்து அழுதது. தூக்கித் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே நடந்தேன். திரும்பி வந்து பார்த்தபோது முடிந்திருந்தது.

முடிந்த வீடியோவை நான் திறந்து பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும். பிள்ளைகளின் தாய்மார் தராசில் கொழுந்து நிறுத்துவிட்டு வருகிற நேரம் ஆகிவிட்டது. வேலை முடிந்ததும் வளைவுக்கு ஓடி, இணைத்து, அனுப்பி, போய்விட்டது என்று வருகிறவரை பார்த்து நின்றேன். இந்த முறை லிங்க் இல்லை. போய்ச் சேர்ந்தது.

வீட்டுக்கு வந்து அடுப்படியில் கால் வைத்ததும் சாணி வாசம் வந்தது. தரை ஈரமாக, ஒரே சீராக, மினுமினுவென்று இருந்தது. கீறலைக் காணோம்.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. முதலில் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. கீறல் இல்லாத தரையைப் பார்த்து எத்தனை நாளாயிற்று. ஏதோ கெட்ட கனவிலிருந்து எழுந்ததுபோல் ஒரு நொடி இருந்தது. அப்புறம்தான் தலைக்கேறியது.

"என்னம்மா பண்ணி வச்சிருக்க?"

"ஆபீஸ்லருந்து ஆளு வரும்னு தலைவரு சொன்னாரு. பெரிய ஆளுக வர்ற நேரம் வெடிச்ச தரையவா காட்டுறது? களிமண்ணு கொழச்சு உள்ள திணிச்சு, மேல சாணம் போட்டு மெழுகிட்டேன். மூணு மணிக்குத் தொடங்கி நாலரைக்குத்தான் முடிஞ்சுச்சு. இடுப்பு போச்சு."

"அந்த வெடிப்பப் பாக்கத்தானம்மா அவங்க வர்றாங்க."

"வெடிப்பு வீடியோவுல இருக்குல்ல? வீட்ட நேர்ல பாக்குறப்ப நல்லா இருக்கணுமா வேணாமா?"

அவளைத் திட்டவும் முடியவில்லை. அம்மா முப்பத்தாறு வருடம் கொழுந்தெடுத்தவள். அவள் காலத்தில் தோட்டத்துத் தொரை லயம் பார்க்க வருகிறார் என்றால் முதல் நாளே கான் வெட்டி, வாசல் பெருக்கி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து வைப்பார்கள். குப்பை கிடந்த வீட்டுக்காரியைக் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் எல்லோர் முன்னாலும் வைத்துக் கேட்பார்கள். உடைந்ததைக் காட்டினால் உடைத்தது நீதான் என்பார்கள். அப்படிப் பயந்து பயந்து வளர்ந்த கை அது. ஆபீஸ் ஆள் என்று காதில் விழுந்ததும் தானாகச் சாணத்தைக் கரைத்துவிட்டது. எனக்கு மலையைக் கண்டு பயம், அவளுக்கு ஆபீசைக் கண்டு பயம். இரண்டு பயமும் ஒரே அடுப்படியில் குடியிருந்தன.

வெள்ளிக்கிழமை காலையில், பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது.

"நங்கி, மேக்க பேன்னே நே," என்றார் அதிகாரி. தெரியவில்லையாம். ஆட்கள் நிற்கிறார்கள், பேசுகிறார்கள், குரல் நன்றாகக் கேட்கிறது. ஆனால் முகமே தெரியவில்லை, வெடிப்பு எங்கே என்று அவரால் கண்டுபிடிக்கவே முடியவில்லை. ஒரிஜினலை எடுத்து, அந்த வெடிப்பு வருகிற இடத்தை மட்டும் வெட்டி அனுப்புங்கள், மற்றதெல்லாம் தேவையில்லை என்றார்.

ஃபோனை வைத்துவிட்டுத் தேடினேன். இல்லை. அழித்தவை போய்க் கிடக்கிற தொட்டியிலும் தேடினேன். அங்கேயும் இல்லை. லிங்காக ஏற்றியதையும் முந்தின நாளே நானே அழித்தாயிற்று. சுருக்கியதைத் திறந்து பார்த்தேன். எங்கள் லயம் தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல இருந்தது. முதல் வீட்டு மாமாவுக்குக் கண் இல்லை, வாய் இல்லை. குரல் மட்டும் அடையாள அட்டை எண்ணைச் சொன்னது. ஒன்பதாம் நிமிடத்தில் அடுப்படி வந்தது. கறுப்பில் ஒரு பழுப்பு அசைந்தது. அவ்வளவுதான்.

கஞ்சிக் கரண்டியைச் சட்டியிலேயே போட்டேன். வீடியோவில் வெடிப்பு இல்லை. தரையிலும் வெடிப்பு இல்லை. உலகத்தில் எங்கேயும் அந்த வெடிப்பு இல்லை, மண்ணுக்கு அடியில் மட்டும் இருக்கிறது. இனி யாராவது வந்து பார்த்தாலும் மெழுகிய தரையைத்தான் பார்ப்பார்கள்; பயந்தாங்கொள்ளி ஒருத்தி புலம்புகிறாள் என்று எழுதிவிட்டுப் போவார்கள். தலைவரிடம் சொன்னேன். அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். களிமண்ணைத் தோண்டி எடுத்துவிடலாமா என்று கேட்டேன். தோண்டினால் நாமே வெட்டிக் காட்டுகிறோம் என்பார்கள் என்றார். அது சரிதான். பூ வைத்துக்கொண்டு நின்ற அக்கா வழியில் மறித்து, தன் பங்கை வெட்டிவிட்டேனா என்று கேட்டாள். இல்லக்கா, நீங்க இருக்கீங்க என்றேன்.

அன்றைக்கு மழை இன்னும் பலமாகப் பிடித்தது. மகளை நடுவில் போடாமல் முன்கதவுப் பக்கமாகப் படுக்க வைத்தேன். அவளுக்குச் செருப்பை மாட்டியே படுக்கப் போட்டேன். 

சனிக்கிழமை விடிந்ததும் தேத்தண்ணி வைக்க அடுப்படிக்குப் போனேன். விளக்கைப் போட்டேன்.

மெழுகிய தரை வெடித்திருந்தது. பின்கதவிலிருந்து சுவர்வரை, அதே வழியில், ஒரே இழுப்பாக. பழைய கீறல் பழசோடு பழசாக அழுக்கேறிக் கிடக்கும், இது புதுசு. இரண்டு ஓரமும் கூர்மையாக, அம்மாவின் விரல் போட்ட வளைவுகள் பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமுமாகப் பிரிந்து நின்றன. சுண்டுவிரலை விட்டேன், போனது. அந்தப் பக்கத்து வளைவு இந்தப் பக்கத்தைவிடக் கீழே இறங்கியிருந்தது. அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. இதுவரை பார்த்த கீறல் போன மாதம் வந்ததா, போன வருடம் வந்ததா என்று யாரும் சொல்ல முடியாது. இது வியாழக்கிழமை நாலரைக்குப் பிறகு வந்தது. நாங்கள் நின்றுகொண்டிருந்த தரை போய்க்கொண்டிருந்தது.

அம்மா என் பின்னால் வந்து நின்றாள். அவள் போட்ட மெழுகல் அப்படி ஒரு நாளில் வெடிக்காது என்று அவளுக்குத் தெரியும்.  கீழே உட்கார்ந்து, பிரிந்த அந்த வளைவில் கையை வைத்துப் பார்த்தாள்.

டார்ச்சை எடுத்து அம்மாவிடம் கொடுத்து, கீறலுக்குப் பக்கவாட்டில் பிடிக்கச் சொன்னேன். வீடியோ எடுத்தேன். என் விரல் உள்ளே போவது தெரிந்ததும் நிறுத்தினேன். ஆறு செக்கண்டு. பன்னிரண்டு எம்பி. சுருக்கவும் இல்லை, வெட்டவும் இல்லை. மழையில் கோயில் வளைவுக்கு ஓடிப்போய் அனுப்பினேன். அலுவலகம் திறந்திருக்குமா என்றுகூட யோசிக்கவில்லை. கீழே சிங்களத்தில் ஒரு வரி எழுதினேன்: வியாழக்கிழமை பின்னேரம் என் அம்மா இதை மண் வைத்து மூடினாள்.

இருபது நிமிடத்தில் அதிகாரி கூப்பிட்டார்.

"எத்தனை மணிக்கு மூடினார்?"

"நாலரைக்கு முடிச்சாங்க, சேர்."

அவர் பக்கம் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது.  அப்புறம், கடிதம் ஒரு மணி நேரத்தில் தோட்டத்து ஆபீசுக்கு வரும், அதற்குக் காத்திருக்க வேண்டாம் என்றார். "தென்ம யன்ன, நங்கி. தென்ம." இப்பவே போங்க என்றார். இரண்டாம் தடவை சொன்னபோது அவர் குரலும் சரியில்லை.

எப்படிப் போனோம் என்பதை விவரிக்க எனக்கு வரவில்லை. தலைவர் ஒவ்வொரு கதவாகத் தட்டியது ஞாபகம் இருக்கிறது. முதல் வீட்டு மாமா அடையாள அட்டையை மட்டும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்தார். அம்மா கிளம்புவதற்கு முன் விளக்குமாற்றை எடுத்து வாசலைப் பெருக்க ஆரம்பித்தாள். நான் அதைப் பிடுங்கித் தேயிலைக்குள் எறிந்தேன். அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். மகள் செருப்போடு இருந்தாள். மத்தியானத்துக்குள் பன்னிரண்டு குடும்பமும் பள்ளிக்கூடத்து மண்டபத்தில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி இருக்கும். மண்டபத்துக்கு வெளியே பெண்கள் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார்கள். லொறி ஒன்று கல்லைக் கொட்டுவதுபோல ஒரு சத்தம் தொடங்கியது, நிற்கவே இல்லை. யாரும் கத்தவில்லை. ஒவ்வொருத்தியும் தன் பிள்ளைகள் எங்கே என்று திரும்பிப் பார்த்தாள். எல்லோரும் இருந்தார்கள். தலைவர் வெளியே நின்று இரண்டு தடவை எண்ணினார். சத்தம் அடங்கிய பிறகு லயம் இருந்த பக்கம் செம்மண்தான் தெரிந்தது.

மண்டபத்துக்கு வந்து நாலு மாதம் ஆகப்போகிறது. புது வீட்டுக்கு இடம் பார்க்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பாடம் வராந்தாவில் நடக்கிறது. இப்போது சாயந்தரமானால் ஆட்கள் என்னிடம் வந்து கேட்பது அந்தப் பதினொரு நிமிட வீடியோவைத்தான். யாரிடமும் வீட்டுப் படம் என்று ஒன்றுமில்லை. வீட்டை யார் படம் எடுத்து வைக்கிறார்கள்? ஒரிஜினல் அழிந்துபோனதை எத்தனை தடவை சொன்னாலும் நம்பாதவர்கள்போல் கேட்கிறார்கள். அனுப்பியதில் கிடக்கிற அந்த இருபத்துநாலு எம்பியைத்தான் போட்டுக் காட்டுகிறேன். சுற்றி உட்கார்ந்து பார்க்கிறார்கள். பச்சையாக ஒன்று தெரிந்தால், அது எங்க வீட்டுக் கதவு என்கிறார் மாமா. அவர் முகம் அதில் இல்லை. புதுச் சேலை ஒரு சிவப்புக் கறையாக வந்து கக்கூசைப் பற்றிப் பேசுகிறது. அந்த அக்கா அதை இரண்டு தடவை போடச் சொல்வாள். என்னால் அவளை நிமிர்ந்து பார்க்க முடிவதில்லை. எல்லோரையும் வைத்துக்கொள்ளத்தான் சுருக்கினேன். ஒருவர் முகத்தைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

அம்மா அந்த வீடியோவைப் பார்க்க வருவதில்லை. மண்டபத்துச் சுவரில், எங்கள் பாய்க்கு மேலே, சுண்ணாம்பில் ஒரு பழைய கீறல் இருக்கிறது. பத்து வருடமாக இருக்கிறதாம், ஒன்றுமில்லையாம், பள்ளிக்கூடத்து மாஸ்டர் சொன்னார். அம்மா எங்கிருந்தோ கொஞ்சம் சாணமும் களிமண்ணும் கொண்டுவந்து, அந்தக் கீறலுக்குக் குறுக்கே ஒரு விரல் அகலத்துக்கு மெழுகி வைத்திருக்கிறாள். மாஸ்டர் சுவர் அழுக்காகிறது என்றார். ஆபீஸ் ஆளுக்கு எதிரே வாய் திறக்காத அம்மா, இருக்கட்டும் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள்.

மழை பெய்த காலைகளில் எனக்கு முன்னால் எழுந்து அதைத் தொட்டுப் பார்க்கிறாள். நான் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கிறேன். ஒரு கை மகளின் செருப்பின்மேல் இருக்கிறது. "வெடிக்கல," என்று அவள் சொன்ன பிறகுதான் எழுந்திருக்கிறேன்.